மங்கும் நிறமும்: கருந்திட்டு மருத்துவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முகத்திலே கன்னங்களையும் நெற்றியையும் பற்றிப் படரும் கருந்திட்டை நம்மவர் மங்கு என வழங்குவர். அதில் நோவில்லை, அரிப்பில்லை, உயிருக்கு ஊறு எதுவுமில்லை. எனினும் இத்துணைச் சிறிய ஒரு நோய்க்காக மனிதர் தேடிய மருந்துகள் கணக்கற்றவை. மஞ்சளும் சந்தனமும் முதல் ஈயமும் பாதரசமும் வரை அவை பரந்து கிடக்கின்றன. இன்றும் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து விடுதி அறை வரை எலுமிச்சஞ்சாறு, பாலாடை, அதிமதுரத்தூள் என்பன 'இயற்கை மருந்து' என்ற பெயரோடு கைமாறி வருகின்றன. இயற்கையானது என்பதனாலேயே அது தீங்கற்றது எனவும், முன்னோர் கையாண்டது என்பதனாலேயே அது பயன் தருவது எனவும் கொள்ளப்படுகின்றது.

இக்கொள்கையை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு இரு வினாக்கள் எழுகின்றன. பழைய மருத்துவர்கள் எதனை நோயெனக் கருதினர் என்பது ஒன்று. இயற்கை, செயற்கை என்ற பாகுபாடு மருந்தின் நன்மை தீமையை அளக்கப் போதுமானதா என்பது மற்றையது. இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும், திட்டை அகற்றும் முயற்சி நிறத்தை அகற்றும் முயற்சியாக மாறிய இடத்திலேயே பெருந்தீங்கு விளைந்தது என்பதையும் பின்வரும் செய்திகள் காட்டும்.

1. பழைய மருத்துவ நூல்கள் கண்ட நோய்

ஆயுள்வேத மூலநூல்களுள் ஒன்றான சுசுருத சங்கிதை, சிறுநோய்கள் எனத் தான் வகுக்கும் தொகுதியிலே முகத்துக் கருந்திட்டுக்கு வியங்கம் என்று பெயரிடுகின்றது. சினத்தாலும் களைப்பாலும் கிளர்ந்த வாதம் பித்தத்தோடு கூடி முகத்தை அடைந்து, வலியற்றதும் மெல்லியதும் கருமை சார்ந்ததுமான வட்டத்தைத் தோற்றுவிக்கின்றது என்பது அந்நூல் தரும் விளக்கம். காரணம் பற்றிய கோட்பாட்டை இன்று நாம் ஏற்காதுவிடலாம். ஆனால் நோக்கியறிந்த குறிகள் துல்லியமானவை என்பதில் ஐயமில்லை. வியங்கத்தை நீலிகை, மச்சம் முதலிய பிற கரும்புள்ளிகளிலிருந்து வேறுபடுத்தியமையும் குறிப்பிடத்தக்கது. எல்லாக் கருமையும் ஒன்றல்ல என்ற அறிவு அங்கே தொழிற்பட்டிருக்கின்றது.

மருந்தும் அவ்வாறே பலவகைப்பட்டது. குருதி வாங்குதல், கடல்நுரை கொண்டு தேய்த்தல், பாலுள்ள மரங்களின் பட்டையைப் பாலில் அரைத்துப் பூசுதல், அதிமதுரமும் மஞ்சளும் சேர்ந்த பூச்சு, காவிக்கல் சேர்ந்த பூச்சு என்பன அங்குக் கூறப்படுகின்றன. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டினரான வாக்கபடரின் அட்டாங்க இருதயம் குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி, அதிமதுரம், தாமரை முதலியவற்றை நல்லெண்ணெயோடும் ஆட்டுப்பாலோடும் காய்ச்சும் தைலமொன்றைத் தருகின்றது. குங்குமாதித் தைலம் என்ற பெயரில் இன்றும் விற்கப்படுவன இம்மரபின் வழிவந்தவையே. இங்கு ஒரு சமூக உண்மையையும் கவனித்தல் வேண்டும். குங்குமப்பூ காசுமீரத்திலும் பாரசீகத்திலும் விளைந்த விலையுயர்ந்த பண்டம். வீட்டு வைத்தியம் என நாம் இன்று எண்ணும் மருந்துகளுட் சில, செல்வர் வீட்டு வைத்தியமாகவே தொடங்கியவை.

இவற்றினும் முக்கியமான செய்தி சரக சங்கிதையிற் காணப்படுகின்றது. சாவின் முன்குறிகளைக் கூறும் இந்திரியத்தானம் என்ற பகுதியின் தொடக்கத்திலே உடலின் இயல்பான நிறங்கள் இவை, நோய்நிறங்கள் இவை எனச் சரகம் பிரித்துரைக்கின்றது. கருமை, மாநிறம், மாநிறத்தோடு கூடிய வெண்மை, வெண்மை என்ற நான்கும் இயல்பான நிறங்களின் வரிசையில் இடம்பெறுகின்றன. நீலம், சாம்பற்கருமை, செம்பு நிறம், பசுமை, வெளிறிய வெள்ளை என்பன நோய்நிறங்களாகின்றன. கருமை நலத்தின் பக்கத்திலும், வெளிறல் நோயின் பக்கத்திலும் நிற்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மருத்துவன் கேட்ட கேள்வி இவர் கறுப்பரா வெள்ளையரா என்பதன்று. இவரது நிறம் முன்பிருந்தவாறு இருக்கின்றதா, உடலின் ஒரு பாதி மறுபாதியை ஒத்திருக்கின்றதா என்பதே. சரகம் கூறும் நிறந்தரும் மூலிகைகள் பத்தும் (சந்தனம், வெட்டிவேர், அதிமதுரம், மஞ்சிட்டி, நன்னாரி முதலியன) இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும். இழந்த நிறத்தை மீட்பதே அவற்றின் தொழில்.

இதனைக்கொண்டு பண்டைச் சமூகத்தில் நிறவேற்றுமை இருக்கவில்லை என்று கூறிவிட முடியாது. வெண்ணிற மகனை விரும்பும் தாய் செய்யவேண்டிய சடங்குகளை அதே சரக சங்கிதை விரிவாக உரைக்கின்றது. ஆனால் கரிய மகனை விரும்பும் தாய்க்கும் அங்கே வழி கூறப்பட்டுள்ளது. விருப்பு வெறுப்புகள் சமூகத்தில் இருந்தன. ஆயினும் கருமை நோய்ப்பட்டியலில் ஏறவில்லை.

2. மாமையும் பசலையும்

தமிழிலக்கிய மாணவர்க்கு இந்த வேறுபாடு புதியதன்று. சங்க அகப்பாடல்களிலே தலைவியின் அழகு மாமை எனப் போற்றப்படுகின்றது. உரையாசிரியர்கள் அதனை மாந்தளிரின் நிறத்தோடு ஒப்பிடுவர். பிரிவுத்துயரால் அம்மாமையை அழித்துப் பரவும் வெளிறிய நிறமே பசலை. நிறம் வெளிறுவது அங்கே இழப்பின் அடையாளம். தோழியும் செவிலியும் கண்டு அஞ்சும் குறி. அதுமட்டுமன்றி, இளமை எய்திய பெண்ணின் உடலில் தோன்றும் சுணங்கும் திதலையும் புலவர்களாற் புகழப்படுகின்றன. தோலிலே படர்ந்த புள்ளியும் தேமலும் அழகெனக் கொள்ளப்பட்ட ஒரு காலம் நம் மொழியிலேயே பதிவாகியிருக்கின்றது.

மருத்துவ நூல் சொல்வதையும் இலக்கியம் சொல்வதையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. ஆயினும் இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒருவருடைய இயல்பான நிறமே அளவுகோலாக நின்றது. அதிலிருந்து விலகியதே மாற்றமாகவும் துயராகவும் கருதப்பட்டது. வேறொருவருடைய நிறத்தை அளவுகோலாகக் கொள்ளும் போக்கு ஒரு வணிகமாக வளர்ந்தமை பிற்கால வரலாறு.

3. மண்ணிலிருந்து எடுத்த நஞ்சு

மேற்குலகின் வரலாறும் கருவுற்ற பெண்ணின் முகத்திலிருந்தே தொடங்குகின்றது. இப்போகிரட்டீசு பெயரால் வழங்கும் கிரேக்க நூற்றொகுதியிலே, முகத்தில் திட்டு விழும் கர்ப்பிணி பெண்மகவைச் சுமக்கிறாள் என்ற நம்பிக்கை பதிவாகியுள்ளது. நம்பிக்கை பிழை, அவதானிப்புச் சரி. கர்ப்பகாலத்து ஓமோன்கள் மங்கைத் தூண்டுவன என்பதை இன்று அறிவோம். 1960களிலே கருத்தடை மாத்திரைகள் பரவியபோது அவற்றை உட்கொண்ட பெண்களிலும் இத்தகைய திட்டுகள் தோன்றியமை இதனை மேலும் உறுதிசெய்தது.

உரோமர் காலத்திலே கழுதைப்பாலும் தேனும் பருப்புமாவும் முகப்பூச்சுக்களாக விளங்கின. அவற்றோடு ஈயவெள்ளையும் வந்தது. ஈயவெள்ளை திட்டைக் குணப்படுத்துவதன்று, மறைப்பது. மறைக்க மறைக்கத் தோலும் உடலும் நலிந்தன. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே ஈயவெள்ளையோடு பாதரச உப்பும் சேர்ந்துகொண்டது. முகப்புள்ளிகளை அரித்தகற்றும் மருந்தென அது விற்கப்பட்டது. 1598இல் இலோமாற்சோ என்ற இத்தாலியரின் ஓவியநூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ரிச்சட் ஏடொக் என்பவர், பெண்கள் பூசும் பாதரச உப்பும் ஈயவெள்ளையும் பற்களையும் தோலையும் கெடுப்பன என்று எச்சரிக்கும் பகுதியொன்றை அந்நூலிற் சேர்த்திருந்தார். எச்சரிக்கை அன்றே இருந்தது. பூச்சு மட்டும் நிற்கவில்லை.

ஈயமும் பாதரசமும் இயற்கைக்குப் புறம்பானவை அல்ல என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். சாதிலிங்கம் மண்ணில் விளையும் கல். பாதரசம் அதனைச் சூடாக்கிப் பெறப்படுவது. இயற்கை என்ற சொல்லை அதன் முழுப்பொருளில் எடுத்துக்கொண்டால் மனிதர் முகத்திற் பூசிய கொடிய நஞ்சுகள் யாவும் இயற்கையின் கொடைகளே.

4. நிறப்பொருளின் இரகசியம்

மருந்து ஏன் தொழிற்படுகின்றது என்ற வினாவுக்கு விடை கிடைக்க நெடுங்காலம் சென்றது. 1665இல் இத்தாலிய உடற்கூற்றறிஞர் மல்பீகி, கறுப்பு மக்களின் கருமை தோலின் முழுத்தடிப்பிலும் இல்லை, மேற்றோலின் கீழ்ப்படையிலேயே உள்ளது எனக் காட்டினார். 1890களின் நடுவிலே பிரான்சில் பூர்க்கெலோ, பேற்றான் என்ற இருவர், வெட்டியவுடன் கறுக்கும் காளானொன்றை ஆராய்ந்து, அக்கறுப்பை உண்டாக்கும் நொதியத்தைக் கண்டறிந்தனர். தைரோசினேசு என அது பெயர் பெற்றது. 1917இல் சுவிற்சர்லாந்தின் தோல் மருத்துவர் புரூனோ புளொக், மனிதத் தோலின் குறித்த சில கலங்களிலும் இத்தகைய ஒட்சியேற்றம் நிகழ்வதைக் காட்டினார். காளானைக் கறுப்பிப்பதும் கன்னத்தைக் கறுப்பிப்பதும் உறவுடைய செயல்களே என்பது இவ்வாறு புலனாயிற்று.

இந்நொதியம் செம்பைக் கருவாகக் கொண்டது. பாதரசம் அச்செம்பின் இடத்தைப் பிடித்து நொதியத்தை முடக்குகின்றது. பழைய பாதரசப் பூச்சுக்கள் நிறத்தைக் குறைத்தமைக்குக் காரணம் இதுவே. மேலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. நிறப்பொருளை ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை வெள்ளையரிலும் கறுப்பரிலும் ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் நிறப்பொருளின் அளவிலும் வகையிலும் பரம்பலிலுமே வேறுபாடு உண்டு. இனங்களின் நிறத்தை உயர்வு தாழ்வின் அடையாளமாகக் கொண்ட ஒரு காலத்தில் இது சிறிய செய்தியன்று.

மங்கு விரைவில் மறையாமைக்கும் இவ்வறிவே விளக்கம் தருகின்றது. மேற்றோல் முழுமையாகப் புதுப்பிக்கப்பட ஒரு மாதத்துக்கு மேலாகின்றது. நிறப்பொருள் அதன் கீழுள்ள உட்டோலிற் படிந்துவிட்டால் பூச்சு அதனை எளிதில் எட்டாது. அழுத்தித் தேய்ப்பதாலும் அரிக்கும் சாறுகளைப் பூசுவதாலும் தோல் அழற்சியுறுகின்றது. அழற்சியுற்ற கருந்தோல் முன்னிலும் கூடுதலாகக் கறுக்கின்றது. ஏழு நாளில் மறையும் என்ற வாக்குறுதி எந்த மருந்துக்கு அளிக்கப்பட்டாலும் அது தோலின் இயல்புக்கு முரணானது.

5. தொழிலாளியின் கையுறை

1939இல் ஐக்கிய அமெரிக்காவின் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றிலே தொழிலாளர் பலரின் கைகள் வெண்திட்டுகளாக மாறின. அவர்கள் அணிந்த இறப்பர்க் கையுறையில், இறப்பர் பழுதடையாதிருக்கச் சேர்க்கப்பட்ட ஐதரோகுயினோன் வழிப்பொருளொன்றே காரணம் என ஆய்வாளர் கண்டனர். தொழிலாளிக்கு அது தொழில்நோய். வேறு சிலருக்கோ அது ஒரு புதிய பண்டத்தின் பிறப்பாயிற்று. அடுத்த ஆண்டுகளில் அப்பொருளும், பின்னர் ஐதரோகுயினோனும் நிறநீக்கும் களிம்புகளாகச் சந்தைக்கு வந்தன. மருத்துவரின் மேற்பார்வையில், குறைந்த செறிவில், குறுகிய காலத்துக்குப் பயன்படுத்தும்போது ஐதரோகுயினோன் மங்குக்குப் பயன் தருவது என்பதை மறுப்பதற்கில்லை. 1975இல் கிளிக்மன், வில்லிசு என்னும் இருவர் வகுத்த முக்கூட்டுக் களிம்பும் இதனை அடிப்படையாகக் கொண்டதே.

அதே 1975ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஐதரோகுயினோன் களிம்புகளை நெடுங்காலம் முகம் முழுவதும் பூசிய கறுப்பினப் பெண்களின் கன்னங்களிலே நீலக்கருமையான, தடித்த, மாறாத திட்டுகள் தோன்றியிருப்பதை பின்லேயும் அவர்தம் குழுவினரும் மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். கருமையை நீக்கப் பூசியது நீங்காக் கருமையைத் தந்தது. நிறவெறியைச் சட்டமாக்கிய ஒரு நாட்டிலே இக்களிம்புகளுக்கு இருந்த பெருஞ்சந்தையை மருத்துவக் காரணங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. நிறத்துக்கேற்ப வேலையும் வீடும் வழியும் பகுக்கப்பட்ட சமூகத்திலே, சற்று வெளிறிய முகம் சற்று விரிந்த வாழ்க்கையாகத் தோன்றியது. கறுப்பு உணர்வு இயக்கத்தினர் இக்களிம்புகளை எதிர்த்தமையும், மருத்துவர்கள் அவர்களோடு இணைந்தமையும் 1990இல் தென்னாபிரிக்கா நிறநீக்கு பூச்சுக்களிலே ஐதரோகுயினோனைத் தடைசெய்ய வழிவகுத்தன. ஐரோப்பிய ஒன்றியமும் 2001இல் தோல்நிறம் வெளிறச்செய்யும் பூச்சுக்களிலிருந்து அதனை விலக்கியது.

பாதரசத்தின் கதையும் இதற்கு இணையானது. 1972இல் நைரோபியிலே சிறுநீரக நோயுற்ற ஆபிரிக்கரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் அரைவாசிக்கும் மேற்பட்டோர் பாதரசம் கலந்த நிறநீக்கு களிம்புகளைப் பூசியவர்கள் எனக் கண்டனர். பூசுவதை நிறுத்தியவர்களுட் பலர் தேறினர். 1973இல் ஐக்கிய அமெரிக்கா இத்தகைய களிம்புகளைத் தடுத்தது. 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்ந்த அழகுப் பொருள்களை 2020உடன் ஒழிக்கக் கோரியது. இலங்கையும் 2017இல் அதனை ஏற்புறுதி செய்தது. எனினும் பாதரசக் களிம்புகள் உலகின் பல சந்தைகளில் இன்றும் பிடிபடுகின்றன. அவற்றுட் பல தம் உறையிலே மூலிகைகளின் படத்தைத் தாங்கியிருப்பது நம் கவனத்துக்குரியது.

6. மூலிகைக்குத் திரும்புதல்

இரசாயனக் களிம்புகளின் தீங்கு வெளிப்பட்ட பின்னர் மக்களும் தொழிற்சாலைகளும் மீண்டும் மூலிகையை நாடினர். அங்கே கண்டவை வியப்பூட்டுவன. 1998இல் யப்பானிய ஆய்வாளர் அதிமதுர வேரிலுள்ள கிளாபிரிடின் என்னும் பொருள் தைரோசினேசைத் தடுப்பதையும் அழற்சியைத் தணிப்பதையும் காட்டினர். சுசுருதரும் சரகரும் வாக்கபடரும் ஒருங்கே குறித்த மூலிகை இது. நொதிக்கச்செய்த சோற்றுப் பூஞ்சணத்திலிருந்து 1907இல் யப்பானிலே சைட்டோ பிரித்தெடுத்த கோசிக்கமிலமும் அவ்வாறே நொதியத்தின் செம்பைப் பற்றிக்கொள்வது. 1970களின் பிற்பகுதியிலே உரோமாபுரி ஆய்வாளர், தேமல் உண்டாக்கும் பூஞ்சணம் ஏன் தோலை வெளிறச்செய்கின்றது என ஆராயப்புகுந்து அசெலேயிக்கமிலத்தை அடைந்தனர். கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றிலும் காணப்படும் இவ்வமிலம் இன்று மங்கு மருத்துவத்தில் மதிக்கத்தக்க இடத்தைப் பெற்றுள்ளது. ஒரு தோல்நோயை விளக்கப்புகுந்தவர்கள் இன்னொன்றுக்கு மருந்து கண்டனர்.

ஆயின் இதே பகுதியில் எச்சரிக்கைகளும் உள்ளன. கரடித்திராட்சை எனப்படும் குளிர்நாட்டுச் செடியிலும் பேரி மரத்தின் இலையிலும் உள்ள ஆபுட்டின் என்ற பொருள், வெல்லத்தோடு பிணைந்த ஐதரோகுயினோனே. பிணைப்பு அறும்போது தொழிற்சாலையில் ஆக்கியதும் இலையில் விளைந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. யப்பானிலே ஒருவகை மேப்பிள் மரத்திற் காணப்படும் பொருளொன்று நிறநீக்கியாக ஏற்கப்பட்டு 2008 முதல் விற்கப்பட்டது. பூசியவர்களின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்திட்டுகள் தோன்றவே 2013 யூலையில் அது சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. பாதிக்கப்பட்டோர் 15,000க்கும் மேலாயினர். மரத்திற் பிறந்த பொருள், 1939இன் கையுறை செய்ததையே மீண்டும் செய்தது.

நம் வீடுகளில் மிகுதியாகப் பரிந்துரைக்கப்படும் எலுமிச்சஞ்சாற்றின் கதை இன்னும் கருத்துக்குரியது. எலுமிச்சை இனத்துக் கனிகளின் தோலிலே சோரலின் வகைப் பொருள்கள் உண்டு. அவை தோலிற் பட்டபின் வெயில் பட்டால், தோல் தீய்ந்து நீண்டகாலக் கருந்திட்டு விழுகின்றது. பேகமொற் எண்ணெய் கலந்த நறுமணநீரைப் பூசி வெயிலில் நின்றவர்களின் கழுத்திலே வழிந்தோடிய வடிவில் கருமை படிவதை 1916இலேயே மருத்துவர் விவரித்திருந்தனர். இப்பொருள்களின் பெயர், நாம் கார்போகரிசி என வழங்கும் செடியின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. அவ்விதையை நம் வைத்தியர்கள் வெண்குட்டத்துக்குக் கொடுத்து வந்தனர். எகிப்திலே அதே வகைப் பொருளுள்ள வேறொரு செடியைக்கொண்டு எல் மொவ்ற்றி என்னும் மருத்துவர் 1948இல் வெண்திட்டு மருத்துவத்தை நவீன நெறியில் அமைத்தார். வெண்திட்டைக் கறுப்பிக்கக் கையாண்ட பொருளின் உறவினத்தையே, கருந்திட்டை வெளுப்பிக்க நாம் எலுமிச்சையாகத் தேய்க்கிறோம். பழைய வைத்தியர் வெண்திட்டுக்கு ஒன்றும் கருந்திட்டுக்கு வேறொன்றும் வைத்திருந்தனர். இரண்டையும் 'இயற்கை' என்ற ஒரே பெயரில் அடக்கும்போது அந்நுண்ணறிவு அழிந்துபோகின்றது.

7. வெயிலும் வேலையும்

கருந்திட்டுக்கு உறுதியான முதல் மருந்து வெயிலைத் தவிர்த்தல் என்பதில் இன்று மருத்துவரிடையே கருத்து வேற்றுமை இல்லை. மருந்தாலே மறைந்த மங்கும் வெயிற் பட்டவுடன் மீளுகின்றது. புறவூதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் கருந்தோலிலே நிறத்தைக் கூட்டுகின்றது என்பது அண்மைக்கால ஆய்வுகள் காட்டிய உண்மை. அவ்வொளியைத் தடுக்க இன்று பூச்சுக்களிற் சேர்க்கப்படுவது இரும்பு ஒட்சைட்டு. சுசுருதர் கூறிய பூச்சொன்றிலே சேர்ந்திருந்த காவிக்கல்லின் நிறமும் இரும்பு ஒட்சைட்டாலாயதே. பழையவர் ஒளியின் அலைநீளத்தை அறிந்திருந்தனர் என்று இதனாற் பெருமை பேசுதல் வரலாறாகாது. கைக்கு எட்டிய மண்ணிலே பயனுள்ள ஒன்று அமைந்திருந்தது என்பதே கொள்ளத்தக்கது.

ஆனால் வெயிலைத் தவிர்க்க யாரால் இயலும்? நாற்று நடும் பெண்ணும், மலையகத்திலே கொழுந்து பறிக்கும் தொழிலாளியும், கரைவலை இழுப்பவரும் நிழலைத் தேர்ந்தெடுத்து வேலை செய்ய முடியாது. அகன்ற விளிம்புத் தொப்பியும் தலையிலிட்ட துணியும் அவர்களுக்கு ஓரளவே உதவும். பண்டைய நூல் வியங்கத்துக்குக் காரணமாகக் களைப்பைக் கூறியபோது, உழைப்புக்கும் முகத்துக்குமிடையே ஒரு தொடர்பை எவ்வாறோ உணர்ந்திருந்தது. வெயிலிற் கறுத்த முகம் உழைப்பின் முகம். நிழலில் வெளிறிய முகம் ஓய்வின் முகம். வெண்மையை விரும்பும் சமூக மனத்தின் வேர்களுள் ஒன்று இந்த வர்க்க வேறுபாட்டிலே கிடக்கின்றது. காலனித்துவம் அதனை ஆள்பவர் நிறம், ஆளப்படுபவர் நிறம் என மேலும் ஆழப்படுத்தியது.

8. முடிவாக

1975இல் இந்தியாவிலே வெண்மையைத் தன் பெயரிலேயே தாங்கிய முகக்களிம்பொன்று விற்பனைக்கு வந்தது. பின்னர் இலங்கை உட்படப் பல நாடுகளுக்கும் அது பரவியது. 2020இல் அப்பெயர் கைவிடப்பட்டு 'ஒளிர்வு' எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறினும் விளம்பரத்தின் அடிப்படை வேண்டுகோள் பெரிதும் மாறியதெனக் கூறுதற்கில்லை. மணமகள் தேவை விளம்பரங்களிலே நிறம் இன்றும் ஒரு தகைமையாகக் கேட்கப்படுகின்றது. மங்குக்கு மருந்து தேடிக் கடைக்குச் செல்லும் பெண்ணுக்கு, மங்கை நீக்கும் மருந்தும் நிறத்தை நீக்கும் களிம்பும் ஒரே தட்டில் அடுக்கிவைக்கப்பட்டுக் கிடைக்கின்றன. சரகம் பிரித்துவைத்த இரண்டையும் சந்தை ஒன்றாக்கிவிட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. முதலாவது, மங்கு மருத்துவத்துக்குரிய ஒரு மாற்றம், கருமை அவ்வாறன்று. மங்குற்றவர் மருந்து நாடுவது வீண்பகட்டு எனப் பழிப்பதும் தவறு. கரிய நிறத்தவரை மருந்து நாடச்செய்வதும் தவறு. இரண்டாவது, மூலிகை எனினும் இரசாயனம் எனினும் கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றே: அதில் உள்ளது எது, எவ்வளவு, எத்தனை காலத்துக்கு, யாரிடத்தில் சோதிக்கப்பட்டது. அதிமதுரம் இக்கேள்விகளுக்கு ஓரளவு நின்றுபிடிக்கின்றது. வெயிலிற் பூசும் எலுமிச்சை நின்றுபிடிக்கவில்லை. உறையில் உள்ளடக்கம் குறிக்கப்படாத களிம்பு, எத்துணை மூலிகைப் பெயர் தாங்கினும், பூசத்தக்கதன்று. மூன்றாவது, திடீரெனத் தோன்றிய, வடிவம் மாறும், புண்ணாகும் கரும்புள்ளி மங்கன்று. அதனை மருத்துவரிடம் காட்டுவதில் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

நமது பல்கலைக்கழகங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. யாழ்ப்பாண அரசர் கால மரபோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களிலே தோல்நோய்கள் எவ்வாறு பெயரிடப்பட்டுள்ளன, எந்த நிறம் நோயெனவும் எது இயல்பெனவும் கொள்ளப்பட்டது என்பதைத் தமிழ்த்துறை மாணவரும் சித்த மருத்துவ மாணவரும் கூடியிருந்து ஆராய வேண்டும். அவை கூறும் பூச்சுகளை இரசாயனத்துறையினர் ஆய்வுகூடத்திற் சோதிக்க வேண்டும். அதே ஆய்வுகூடத்திலே நமது நகரக் கடைகளில் விற்கும் களிம்புகளின் பாதரச அளவும் அளக்கப்படல் வேண்டும். முன்னைய பணி நம் மரபை அறிவதற்கு. பின்னைய பணி, இவ்வளாகத்திலேயே ஒவ்வொரு காலையும் அக்களிம்பைப் பூசிக்கொண்டு விரிவுரைக்கு வரும் நம் தோழியரின் சிறுநீரகங்களைக் காப்பதற்கு.